பாட்டை அணைத்துவிட்டு ஆடுகிறவர்கள்

“லூமினஸா? நல்ல கேம்தான்டா. ஆனா பாட்டை ஆஃப் பண்ணிட்டு என் சொந்தப் பிளேலிஸ்ட்டைப் போட்டுக்குவேன்.”

போன மாதம் மாமாக் கடையில் இதைச் சொன்ன நண்பன் பல்கலைக்கழகத்தில் என்னோடு நான்கு வருஷம் மின்னணுப் பொறியியல் படித்தவன். என் தே தாரிக் ஆறி ஆடை படியும்வரை அவனோடு கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் பந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தும் கோபம் தணியவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே என் வாதத்தின் ஒரு கால் உடைந்துபோனது. அதை எப்படி, யார் உடைத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். லூமினஸ் 2004 டிசம்பரில், சோனியின் பிஎஸ்பி கையடக்கக் கருவி ஜப்பானில் வெளியானபோது அதனோடு வந்த ஆட்டம். உருவாக்கியவர் தெத்சுயா மிசுகுச்சி. அதற்கு முன் சேகாவில் ‘ஸ்பேஸ் சேனல் 5’, ‘ரெஸ்’ போன்ற ஆட்டங்களைச் செய்தவர். இசையும் டெட்ரிஸும் கலந்த ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் ஆசை. டெட்ரிஸின் உரிமம் அப்போது வேறு கைகளில் இருந்ததால் அது நடக்கவில்லை. கிடைக்காத ஆட்டத்துக்குப் பதிலாகப் பிறந்ததுதான் லூமினஸ். பதினான்கு வருஷம் கழித்து, 2018-இல், ‘டெட்ரிஸ் எஃபெக்ட்’ மூலம் அந்தப் பழைய ஆசையும் நிறைவேறியது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் புகழ்கிறவர்கள் உண்டு, ஒரே மூச்சில் திட்டுகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு ஜாதி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

லூமினஸின் பலகையில் 16 நெடுவரிசை, 10 கிடைவரிசை. மேலிருந்து விழும் ஒவ்வொரு கட்டியும் இரண்டுக்கு இரண்டு சதுரம், நான்கு அறை. நிறம் இரண்டே இரண்டு. சுழற்றினால் ஒன்றாகிவிடுகிறவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள், மொத்தம் ஆறு கட்டிகள்தான் தேறும். டெட்ரிஸில் ஏழு. (இதை ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்து தாளில் வரைந்து எண்ணினேன். மேலாளர் நான் குறிப்பெடுப்பதாக நினைத்திருப்பார்.) ஒரே நிறத்தில் இரண்டுக்கு இரண்டு சதுரம் அமைந்துவிட்டால் அது அழிவதற்குத் தயார். தயார் என்றுதான் சொன்னேன், அழிந்தது என்று சொல்லவில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பலகையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். அது கடக்கும்போதுதான் சதுரம் அழியும், புள்ளி சேரும். கோட்டின் வேகம் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் வேகம். பாட்டு மாறினால் கோடும் மாறும். நிமிஷத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு அரை விநாடி, 60 தட்டு உள்ள பாட்டில் ஒரு விநாடி. இரண்டாவதில் கோடு திரும்பி வர இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதுவரைக்கும் நீங்கள் கட்டி முடித்த சதுரங்கள் இடத்தை அடைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும், மேலிருந்து கட்டிகள் வந்துகொண்டே இருக்கும். வேகமான பாட்டில் பிரச்சினை தலைகீழ். பெரிய கூட்டமாக நாலைந்து சதுரம் சேர்த்து மொத்தமாகப் புள்ளி அள்ளலாம் என்று அடுக்கிக்கொண்டிருப்பீர்கள், அதற்குள் கோடு வந்து பாதியில் அள்ளிக்கொண்டு போய்விடும்.

டிஜிட்டல் லாஜிக் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கோடுதான் கிளாக். நீ வைக்கிற கட்டி டேட்டா. கிளாக் விளிம்பு வந்து தொடாதவரை டேட்டாவுக்கு மதிப்பு கிடையாது. கோடு கடந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் அதன் நடுவில் ஒரு சதுரத்தை முடித்தால் கோடு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், புள்ளி பூஜ்யம். எங்கள் மொழியில் அது டைமிங் வயலேஷன். இரண்டாம் ஆண்டில் இந்தப் பாடத்தில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவன்தான் மாமாக் கடையில் பாட்டு தேவையில்லை என்றான். எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அவன் ஒருவன் மட்டும் இல்லை. இந்த ஆட்டங்களை ஆடுகிறவர்கள் சொல்கிற கருத்துகளை வருஷக்கணக்கில் கேட்டுவருகிறேன். திரும்பத் திரும்ப வருவது சிலதான்.

ஒன்று, “இது டெட்ரிஸ்தான், மேலே கொஞ்சம் லைட்டும் பாட்டும் பூசியிருக்கிறார்கள்” என்பது. டெட்ரிஸ் எஃபெக்டைப் பார்த்து இதைச் சொன்னால் நான் பாதி ஒத்துக்கொள்வேன். அங்கே கட்டியை நகர்த்தினால், சுழற்றினால் ஒவ்வொன்றும் ஓர் ஒலியாகிப் பாட்டுக்குள் போய் விழுகிறது. பாட்டின் பகுதி மாறும்போது கட்டிகள் விழும் வேகமும் கூடிக் குறைகிறது. அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனால் வரிசை நிறைந்தால் அழியும் என்ற பழைய சட்டம் பழையபடியே இருக்கிறது. இசை உன்னைப் பின்தொடர்ந்து வருகிறது. லூமினஸில் இசை உனக்கு முன்னால் போகிறது, நீ பின்னால் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பூச்சு என்று சொல்கிறவர் லூமினஸின் கோட்டைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே நூறு மணி நேரம் ஆடவும் முடிகிறது என்பதுதான் ஆச்சரியம்.

இரண்டாவது, மெதுவான பாட்டு வரும்போது ஆட்டம் அநியாயமாகிவிடுகிறது என்ற புகார். நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன், ஒரு சோம்பேறிப் பாட்டு வந்தது, கோடு நகரவே இல்லை, பலகை நிறைந்துவிட்டது, தப்பு என்மேல் இல்லை. இதைச் சொல்கிறவர்களுக்கு ஆட்டம் எந்தெந்த இடத்தில் கஷ்டமாக இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கிறது. வேகம் கூடினால் கஷ்டம், குறைந்தால் சுலபம். நாற்பது வருஷமாக வீடியோ கேம் சொல்லிக்கொடுத்த பாடம் அது. லூமினஸ் அந்தப் பாடத்தை மாற்றிப் போடுகிறது. காத்திருக்கத் தெரியாதவன் மெதுவான பாட்டில் சாவான். மெதுவான பாட்டில் இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டும், இடது பக்கம் கட்டுவதா வலது பக்கம் கட்டுவதா என்பதைக் கோடு இப்போது எங்கே இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும், கை துறுதுறுத்தாலும் அடக்க வேண்டும். உறுமி மேளக் குழுவில் கொஞ்ச காலம் தவில் சுமந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், புதிதாகச் சேர்கிற பையன்கள் எல்லோரும் வேகத்தில் சமாளித்துவிடுவார்கள். காவடி நின்று, அடி இறங்கி, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி விழும்போதுதான் யாருக்குத் தாளம் இருக்கிறது என்று தெரியும்.

மூன்றாவது கருத்து என்னை அதிகமாகக் கவலைப்படுத்துவது. காசுக்கு எத்தனை மணி நேரம்? டெட்ரிஸ் எஃபெக்ட் வந்தபோது விலை 40 டாலர். அன்றைய கணக்கில் 160 ரிங்கிட்டைத் தாண்டும். அதன் பயண முறையை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். உடனே கணக்கு ஆரம்பித்துவிட்டது, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு ரிங்கிட், அதே காசுக்கு வேறு ஆட்டத்தில் எண்பது மணி நேரம் கிடைக்கும். சம்பளம் வாங்கி கார் லோன் கட்டுகிறவன் நான். 160 ரிங்கிட் எனக்கும் காசுதான், விலை அதிகம் என்று சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை. எனக்குப் பிடிக்காதது அந்த வகுத்தல் கணக்கு. ஏனென்றால் இதே கணக்கை நம்முடைய ஆட்களிடமும் கேட்டிருக்கிறேன். ஒரு புத்தக வெளியீட்டில், 64 பக்கக் கவிதைத் தொகுப்பை எடுத்துப் புரட்டிவிட்டு, “இருபத்தஞ்சு வெள்ளியா? பக்கத்துக்கு நாலே நாலு வரிதானே இருக்கு” என்று கேட்டுவிட்டுத் திரும்ப வைத்தவரை நான் பார்த்தேன். அவரும் இலக்கிய வாசகர்தான். வெற்றிடத்துக்கும் சேர்த்துத்தான் காசு என்பது அவருக்கும் புரியவில்லை, எண்பது மணி நேரக்காரனுக்கும் புரியவில்லை.

நியாயமான புகார்களும் இருக்கின்றன. நான் லூமினஸுக்கு வக்கீல் வேலை பார்க்கவில்லை. முதல் லூமினஸில் பத்துப் பன்னிரண்டு பாட்டுகளைத் தாண்டிப் போய்த் தோற்றால் மறுபடி முதல் பாட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஷினிச்சி ஓசாவாவின் அந்தத் தொடக்கப் பாட்டு அருமையான பாட்டுதான், இருநூறாவது முறை கேட்கும்போது யாருக்குத்தான் சலிக்காது? புள்ளி 999,999-க்கு மேல் ஏறாது, அங்கேயே நின்றுவிடும். அந்த எண்ணைத் தொட்டவன் அடுத்து எதற்கு ஆடுவான்? 2006-இல் எக்ஸ்பாக்ஸில் வந்த ‘லூமினஸ் லைவ்’ ஆட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, மிச்சத்தைத் தனித்தனிப் பொட்டலமாக விற்றது. அன்றைக்கு ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், கொதித்தது சரி. இன்றைக்கு எல்லா ஆட்டமும் அப்படித்தான் விற்கப்படுகிறது, யாரும் கொதிக்கக் காணோம்.

இனி அந்தப் பக்கம். ஆடிவிட்டு அழுதவர்கள். டெட்ரிஸ் எஃபெக்ட்டின் முதல் கட்டத்தில் கடலடியில் ஒளித்துகள்களாக உயிர்கள் நீந்தும், பாட்டு மெல்ல மேலெழும், அவர்கள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தியானம் என்பார்கள், ஆன்மிக அனுபவம் என்பார்கள், வார்த்தைகளுக்கு அப்பாற்பட்டது என்பார்கள். அழுததை நான் கேலி செய்யவில்லை. நானும் ஒரு இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஹெட்ஃபோன் போட்டு ஆடி, தொண்டை அடைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் வார்த்தைக்கு அப்பாற்பட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவது ஒரு வகைச் சோம்பேறித்தனம். எந்த இடத்தில் தொண்டை அடைத்தது? அதற்கு முன் விரல் என்ன செய்துகொண்டிருந்தது? வேகம் கூடியதா குறைந்ததா? அதைச் சொல்லுங்கள். பாட்டை அணைக்கிறவனுக்குக் காது இல்லை என்றால், அழுகிறவருக்குக் கை இல்லை. இருவருமே ஆட்டத்தைப் பாதிதான் பார்க்கிறார்கள்.

நம்முடைய இலக்கியக் கூட்டத்தையும் விட்டுவைக்க மனம் வரவில்லை. ஒரு வாசிப்புச் சந்திப்பு முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் லூமினஸைப் பற்றிப் பேச, மூத்தவர் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார்: “சரி தம்பி, அதோட கரு என்ன?” கரு இல்லை ஐயா, கதை இல்லை, பாத்திரங்கள் இல்லை, நிறம் மாறுகிற கட்டிகள்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சம்பலை எடுத்துப் போட்டுக்கொண்டார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அன்றைக்கு அவரிடம் சொல்ல வராததை இப்போது சொல்கிறேன். நீங்கள் வெண்பா எழுதுகிறவர். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். ஒரு சீர் விழுந்ததும் அடுத்த சீர் எப்படித் தொடங்க வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. சொல்ல வந்ததையும் விடக் கூடாது, தளையும் தட்டக் கூடாது. புதிரும் தாளமும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கிற வேலை அது. அவதானம் என்ற கலை இன்னும் ஒரு படி மேலே. ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் மணி அடித்துக்கொண்டிருப்பார், ஒருவர் முதுகில் கல் போட்டுக்கொண்டிருப்பார். வெண்பாவையும் முடிக்க வேண்டும், மணி எத்தனை, கல் எத்தனை என்றும் கடைசியில் சொல்ல வேண்டும். 1907-இல் செய்குத்தம்பிப் பாவலர் சென்னையில் இப்படி நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனித்துக் காட்டினார், சதாவதானி என்று பெயர் வந்தது. அந்த அரங்கில் யாராவது எழுந்து அவதானத்தின் கரு என்ன என்று கேட்டிருப்பார்களா? மணி அடிப்பதை நிறுத்துங்கள், வெண்பாவை மட்டும் சொல்லட்டும் என்று கேட்டிருப்பார்களா? மணிச்சத்தம் இல்லாவிட்டால் அது வெறும் வெண்பா.

இங்கே வரைக்கும் எழுதிவிட்டு, ‘ஆகவே பாட்டை அணைத்துவிட்டு ஆடுகிறவன் லூமினஸை ஆடவே இல்லை’ என்று ஒரு வரியும் எழுதிப் பெருமையாக வைத்திருந்தேன். இப்போது அந்த வரி இல்லை.

என் சித்தி மகன் பள்ளி விடுமுறையில் பத்து நாள் என் வீட்டில் வந்து தங்கினான். பதினேழு வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. வலது காதில் இடிச் சத்தம் மாதிரி பெரிய சத்தம் மட்டும் கொஞ்சம் எட்டும் என்பான். நாங்கள் பேசிக்கொள்வது பாதி சைகை, பாதி கைப்பேசித் தட்டச்சு. என் நின்டெண்டோ ஸ்விட்சில் 2018-இல் வந்த மறுபதிப்பு லூமினஸ் இருந்தது. நான் வேலைக்குப் போய்விட்டால் அவன் அதை ஆடுவான். அந்தப் பதிப்பில் தாளத்துக்கு ஏற்பக் கையில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவி அதிரும். மிசுகுச்சிக்கு அது பழைய பைத்தியம். 2001-இல் ரெஸ் ஆட்டத்துக்கு, தாளத்துக்கு அதிர்வதற்கென்றே ஒரு தனிக் கருவியை ஜப்பானில் விற்றார்கள். சரி, தம்பி அந்த அதிர்வை வைத்துத்தான் ஆடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். என் கட்டுரைக்கு நல்ல உதாரணம் கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன், வெட்கமில்லாமல்.

நாலாவது நாள் பார்த்தால் என் அதிகபட்சப் புள்ளியை அவன் தாண்டியிருந்தான். கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே தாண்டியிருந்தான். அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். அதிர்வை அணைத்து வைத்திருந்தான். ஏன் என்று கேட்டேன். தட்டச்சு செய்து காட்டினான்: “பேட்டரி சீக்கிரம் முடியுது அண்ணே. கையும் கூசுது.”

அப்புறம் எப்படி ஆடுகிறாய் என்றதற்கு அவன் விரலைத் திரையின் இடது ஓரத்தில் வைத்து, கோட்டோடு சேர்ந்து வலது ஓரம்வரை இழுத்துக் காட்டினான். மறுபடி இடது ஓரம், மறுபடி இழுத்தான். தலை லேசாக ஆடியது. பாட்டு மாறியபோது, நான் புதுப் பாட்டின் தொடக்கத்தை ரசித்துக்கொண்டிருந்த அந்த ஓரிரு விநாடியில், அவன் கை ஏற்கெனவே நிதானமாகிவிட்டது. கோடு மெதுவானது அவனுக்கு முதலில் தெரிந்தது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதனால் என் வரியை அடித்துவிட்டேன். காதுதான் தாளத்துக்கு வாசல் என்று நினைத்துக்கொண்டு இத்தனை பக்கம் கத்தியவனும் நான்தான், உறுமியில் தவில் சுமந்த பெருமையும் பேசிவிட்டேன். லூமினஸின் தாளம் பாட்டில் மட்டும் இல்லை, அது சட்டத்திலேயே இருக்கிறது. ஒலியை எடுத்துவிட்டாலும் கோடு அதே தாளத்தில் நடந்துகொண்டேதான் இருக்கும்.

இதனால் என் நண்பன் தப்பித்தானா? இல்லை, இப்போதுதான் நன்றாக மாட்டுகிறான். ஒலியை அணைத்துவிட்டுச் சும்மா ஆடியிருந்தால் தம்பியின் கட்சி என்று விட்டிருப்பேன். அவன் அணைத்துவிட்டு வேறு பாட்டைப் போட்டுக்கொள்கிறான். கண்ணுக்கு முன்னால் கோடு ஒரு நடை நடக்கிறது, காதில் இன்னொரு பாட்டு வேறொரு நடை. இரண்டு கிளாக்கை ஒரே சர்க்யூட்டில் கட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்கே தெரியும். பத்தாவது பாட்டைத் தாண்ட முடியவில்லை, ஆட்டம் அநியாயமாக இருக்கிறது என்று மாமாக் கடையில் அவன் புலம்பியதற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

அவனுக்கு வாட்ஸப்பில் சொல்லிப் பார்த்தேன். “ஒரு கேமுக்கு இவ்வளவா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்புப் பொம்மை அனுப்பினான். 2025-இல் வந்த ‘லூமினஸ் அரைஸ்’ஸை இருவரும் சேர்ந்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறேன், பாதிப் பாதி. பாட்டை அணைக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. பதில் இன்னும் வரவில்லை. தம்பி மட்டும் ஊருக்குப் போன பிறகு ஒரு படம் அனுப்பினான். வேறு யாருடைய ஸ்விட்சிலோ ஆடி எடுத்த புள்ளி. கீழே எழுதியிருந்தான்: “ஸ்லோ பாட்டுதான் அண்ணே பயமா இருக்கு. அதுதான் புடிச்சிருக்கு.”